ஆண்டறிக்கை 2024–25: பறக்கும் படகும் பாக்கி நிற்கும் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களே, வராத முப்பத்து நான்கு பேரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் விமான ஆர்வலர் சங்கத்தின் போன ஆண்டு அறிக்கை நீளமாக இருந்தது என்று சொன்னார்கள். இந்த முறை சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பறக்கும் படகின் (தண்ணீரிலிருந்து எழுந்து தண்ணீரிலேயே இறங்கும் விமானம்) மாதிரியைக் கட்ட ஏன் இவ்வளவு செலவு என்று வாட்ஸ்அப் குழுவில் போன இரண்டு மாதமாக நடந்த பேச்சுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளவும்.

மாதக் கூட்டம் பன்னிரண்டு நடந்திருக்க வேண்டும், ஒன்பது நடந்தது. நவம்பரில் மழை, ஏப்ரலில் இடம் கிடைக்கவில்லை, ஜூனில் நான் ஊரில் இல்லை. மண்டபச் சாவியை வாங்கிக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 17 ரைட் சகோதரர் நாள் வழக்கம்போல் நடந்தது. 1903-இல் முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. அதே நாளில் நான்காவது முறை 59 விநாடி, 852 அடி. பன்னிரண்டு விநாடியை ஊரே சொல்கிறது, ஐம்பத்தொன்பதை யாரும் சொல்வதில்லை, அதனால் ஆண்டுதோறும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18 அன்று தபால்தலை சேகரிக்கும் நண்பர் பேசினார். 1911-இல் அதே நாளில் பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஹம்பர்-சோமர் இரட்டை இறக்கை விமானத்தில் சுமார் 6,500 கடிதங்களோடு அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குப் போனார். நல்ல பேச்சு. கேட்டவர்கள் பதினோரு பேர்.

மார்ச்சில் பல்லாவரம் நடை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், தானே திட்டமிட்ட இரட்டை இறக்கை விமானத்தை 1910 மார்ச்சில் பறக்கவிட்டுப் பார்த்த பல்லாவரம்தான். ஆறு பேர் வந்தோம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்ததால் நான் பேசியது பாதி கேட்கவில்லை என்றார்கள். டீ செலவு என்னுடையது.

பள்ளி நிகழ்ச்சி ஒன்று. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது விளக்கெண்ணெய்க் கதை. அந்தக் காலத்து ரோட்டரி எஞ்சினில் தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் மொத்தமும் அதைச் சுற்றிச் சுழலும். பெட்ரோல் உள்ளே எண்ணெயோடு கலந்தே போவதால் சாதாரண எண்ணெயைக் கரைத்துவிடும். விளக்கெண்ணெய் அப்படிக் கரையாது, அதனால் அதையே ஊற்றினார்கள். எரியாத மிச்சம் விமானியின் முகத்தில் தெறிக்கும், அதை முழுங்கி வயிறு கலங்கியவர்கள் நிறைய. பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய கதையைச் சொல்லி இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில், 1910-களில் பறந்த கர்ட்டிஸ் எஃப் வகைப் பறக்கும் படகின் மாதிரியை எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டி, ஏரியில் இறக்கி, எழுப்பிப் பறக்கவிடுவது என்று தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்கள் இருபத்திரண்டு பேர். (கை தூக்கியவர்கள் பட்டியல் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டுமானால் வாசிக்கிறேன்.) அசல் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை சுமார் 45 அடி என்பதால் நம்முடையது ஐந்தரை அடிக்குச் சற்று மேல். பதினெட்டாயிரம் ஒதுக்கினோம். முப்பத்தோராயிரத்துச் சொச்சம் ஆனது. இந்தப் பதின்மூன்றாயிரம் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

இறக்கை வேலையில் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை. ரயில்வேயில் பாலப் பிரிவில் ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் என் வீட்டு மாடியில் ஏழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு இறக்கையையும் கட்டிக் கொடுத்தார். இரண்டு இறக்கை எதற்கு, ஒன்று போதாதா என்று புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் புத்தகத்தில்கூடக் கிடைத்ததில்லை. அந்தக் காலத்து இறக்கை மெல்லியது, துணியும் குச்சியும், தனியாக நீட்டினால் முருங்கைக் கிளை மாதிரி ஒடிந்துவிடும். மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து, நடுவே கால் நட்டு, குறுக்கே கம்பி இழுத்தால் அது இறக்கை இல்லை தம்பி, ரயில் பாலம் என்றார். சரியாகத்தான் சொன்னார். இந்தக் கட்டுமானத்தை 1896-லேயே தன் கிளைடரில் போட்ட ஷனூட் ரயில் பாலம் கட்டிய பொறியாளர்தான். நாங்கள் கம்பிக்குப் பதில் தூண்டில் நரம்பு போட்டோம். அண்ணன் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, சத்தம் ஒத்துவரும்வரை முறுக்கினார். வீணை மாதிரி இருந்தது.

தவறு படகில்தான். அசலில் படகின் அடிப்பக்கம் நடுவில் ஒரு படி உண்டு, அதாவது முன்பாதி சற்றுத் தாழ்ந்து, பின்பாதி சட்டென்று மேலே ஏறி நிற்கும். சின்ன மாதிரிக்கு அதெல்லாம் வேண்டாம், வழுவழு என்று விட்டால் எடையும் குறையும் வேலையும் குறையும் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன், மறுக்கவில்லை. சொன்னது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, அவர் இன்று வரவும் இல்லை.

டிசம்பர் கடைசி ஞாயிறு வெள்ளோட்டம். காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி. மோட்டாரைக் கூட்டக் கூட்டப் படகு அழகாக ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, எழவே இல்லை. பாட்டரி தீரும்வரை ஏரியை நான்கு சுற்றுச் சுற்றி வாத்து மாதிரி திரும்பி வந்தது. கரையில் நின்ற ஒருவர் அதை வீடியோ எடுத்து, சோப்பு டப்பாவுக்குப் பதினெட்டாயிரமா என்று குழுவில் போட்டார். முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதில் எத்தனை பேர் சந்தா கட்டியவர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

இது நம் கைத்திறமைக் குறைவு இல்லை என்பதைத்தான் இந்த அறிக்கையில் எழுதி வைக்க விரும்புகிறேன். அசல் படகை உருவாக்கிய கிளென் கர்ட்டிஸுக்கே 1912-இல் இதுதான் நடந்தது. அவருடைய பறக்கும் படகும் தண்ணீரை விட்டு வர மறுத்தது. எஞ்சினில் குறையில்லை, இறக்கையில் குறையில்லை. வேகம் கூடும்போது வழுவழுப்பான அடிப்பாகத்தை ஒட்டியே தண்ணீர் ஓடுகிறது, அந்த ஓட்டம் படகைக் கீழே உறிஞ்சிப் பிடிக்கிறது. ஈரத்தரையில் கவிழ்த்த தட்டை எடுத்துப் பாருங்கள், புரியும். நடுவில் ஒரு படி வைத்துவிட்டால் தண்ணீர் அந்த விளிம்போடு பிரிந்துவிடும், பின்னால் காற்று புகுந்துவிடும், பிடி விட்டுவிடும். அதோடு படகு அந்தப் படியை ஊன்றிக்கொண்டு மூக்கைத் தூக்கவும் முடியும். படி வைத்த பிறகுதான் அவருடைய படகு நியூயார்க் மாநிலத்து ஹேமண்ட்ஸ்போர்ட் ஊர் ஏரியில் ஒழுங்காக எழுந்தது. அதற்குப் பிறகு வந்த பறக்கும் படகுகளின் அடியில் அந்தப் படி இருக்கிறது, அந்த ஊர் ஏரியில் அன்று யாரும் அவரிடம் ரசீது கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆக, படகை அடியோடு பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. ப்ளைவுட், பால்சா, எபாக்சி, புது மோட்டார் (பழையதில் தண்ணீர் புகுந்துவிட்டது) என்று பதின்மூன்றாயிரம் அங்கேதான் போனது. முக்கால்வாசிக்குப் பில் இருக்கிறது.

பிப்ரவரி 23 காலை ஆறரைக்கு இரண்டாவது வெள்ளோட்டம். குழுவில் மூன்று முறை நினைவூட்டியும் வந்தது நான்கு பேர். மோட்டார் இறக்கைகளுக்கு நடுவில் உயரத்தில் இருப்பதால் ஒரேயடியாகக் கூட்டினால் மூக்கு தண்ணீரில் குத்தும், ஆகவே மெல்ல மெல்லக் கூட்டினேன். முதலில் அடியில் சளசளவென்று சத்தம். பிறகு படகு படிமேல் ஏறி நின்றது கண்ணுக்கே தெரிந்தது, பின்னால் நுரை இரண்டு கோடாகப் பிரிந்தது. அப்புறம் சத்தம் நின்றுபோனது. நரம்புகளில் காற்று பட்டு வரும் மெல்லிய ஊதல் மட்டும் கேட்டது. பாலப் பிரிவு அண்ணன் என் தோளைப் பிடித்த பிடியில் ரிமோட் கையைவிட்டுப் போயிருக்கும். நாற்பத்தொரு விநாடி. ரைட் சகோதரர்களின் முதல் மூன்று முறையையும் விட அதிகம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர்கள் உள்ளே உட்கார்ந்து போனார்கள்.

இறங்கும்போது இடது பக்க மிதவை வெங்காயத்தாமரையில் மாட்டி, கீழ் இறக்கை ஒடிந்தது. தெர்மாக்கோல் தெப்பத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன்தான் போய் எடுத்து வந்தான். அவனுக்குக் கொடுத்த இருநூறு ரூபாய்தான் கணக்கில் ‘இதர செலவு’ என்று இருப்பது. அதற்கு வவுச்சர் எங்கே என்று கேட்டவருக்கு என் பதில், அடுத்த முறை நீங்கள் நீந்திப் போங்கள்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் அதிகம், இடையில் இருப்பதை இருவர் தற்காலிகமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் நான். மற்றவர் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவர் மனைவிக்குத் தெரியாதாம்.

சந்தா ஆண்டுக்கு அறுநூறு ரூபாய். ஐம்பத்தொரு பேரில் முழுதாகக் கட்டியவர்கள் இருபத்து மூன்று. 1914 ஜனவரி 1 அன்று ஃபுளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து டாம்பாவுக்கு பெனாய்ஸ்ட் பறக்கும் படகில், நேரம் குறித்து நடத்திய முதல் விமானப் பயணிகள் சேவை தொடங்கியது. முதல் டிக்கெட்டை ஏலத்தில் 400 டாலருக்கு எடுத்தார் முன்னாள் மேயர் ஒருவர், 23 நிமிடத்தில் போய் இறங்கினார். அப்புறம் எல்லோருக்கும் 5 டாலர். 200 பவுண்டுக்கு மேல் எடை இருந்தால் கூடுதல் கட்டணம். அவ்வளவு ஆரவாரமாகத் தொடங்கிய சேவை நான்கைந்து மாதத்தில் நின்றுபோனது. குளிர்காலத்துக்கு வந்த பயணிகள் ஊர் திரும்பிவிட்டார்கள், ஏற ஆள் இல்லை. விமானத்தில் ஒரு குறையும் இல்லை. நம் சங்கத்தைப் பற்றி நான் வேறெதுவும் சொல்லவில்லை.

தலைவர் அவர்களின் வழிகாட்டலுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், ஏரி அனுமதிக்கு நான்கு முறை அலையவிட்டு ஐந்தாம் முறை கையெழுத்திட்ட அலுவலருக்கும், டீக்கடைக்காரருக்கும், மாடியை ஒன்பது மாதம் விட்டுக்கொடுத்த என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். மே மாதக் கூட்டத்தில் அமெரிக்கக் கடற்படையின் என்சி வகைப் பறக்கும் படகுகளைப் பற்றிப் பேசினேன். 1919 மே மாதம் அட்லாண்டிக்கைத் தாண்ட நியூஃபவுண்ட்லாந்திலிருந்து மூன்று கிளம்பின. இரண்டு நடுக்கடலில் இறங்க வேண்டியதாயிற்று, அதில் ஒன்று அலையில் மிதந்தபடியே சுமார் இருநூறு கடல்மைல் தள்ளாடி அசோர்ஸ் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. லிஸ்பனுக்குப் பறந்து போனது என்சி-4 ஒன்றுதான். நியூஃபவுண்ட்லாந்து வந்து சேரும் முன்பே எஞ்சின் கெட்டு வழியில் நின்று, நொண்டி வாத்து என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கியதும் அதுதான். நானும் அப்படித்தான் நொண்டி நொண்டி இந்தச் செயலாளர் பொறுப்பில் ஆறு ஆண்டு ஓட்டிவிட்டேன். வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் சந்தோஷமாக ஒப்படைப்பேன், பதிவேடு தயாராக இருக்கிறது. யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன், ஆனால் கீழ் இறக்கைக்கு நாலாயிரம் வேண்டும், மார்ச்சுக்குள் ஏரி வற்றிவிடும், அதற்குள் ஜனவரியில் பறக்கவிட வேண்டும் என்றால் வேலையை ஆகஸ்டில் தொடங்க வேண்டும்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சில்லறையும் வைத்திருக்கிறார். போண்டா அவருக்கு அடுத்த மேசையில்.

இப்படிக்கு,
செயலாளர்