அங்கே இருந்திராதவர் எழுதிய நாவல்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் இலக்கியப் பக்கத்தில் இரண்டு கிழமைக்கு முன் வந்த கட்டுரையைப் படித்தேன். மனம் ஆறவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். 1981க்கும் 1996க்கும் இடையில் பிறந்தவர்களை இப்போது மில்லேனியல் தலைமுறை என்கிறார்கள். அவர்களிடமிருந்து சொல்லும்படியாக நாவல் எதுவும் வரவில்லை, கைத்தொலைபேசியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நாவலுக்கு வேண்டிய பொறுமை இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் என்னை விட வயதில் மூத்தவர், என்னை விட எத்தனையோ மடங்கு படித்தவர். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் 34 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் சத்திரசிகிச்சை வாட்டில்தான். 2009 பெப்ரவரி தொடக்கம் மே மாத ஆரம்பம் வரை, போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கடற்கரைகளில் இருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கப்பலில் வந்தவர்களைத் தூக்கி இறக்கிய கைகளில் என்னுடையவையும் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே நான் எழுதப் போகும் நாவலைப் பற்றி நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

என் மகள் 1989இல் பிறந்தவள். கொழும்பில் கணக்காளராக இருக்கிறாள். ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது அனுக் அருட்பிரகாசம் எழுதிய 'த ஸ்டோரி ஒஃப் எ பிரீஃப் மரேஜ்' என்ற ஆங்கில நாவலைக் கையில் தந்தாள். "அம்மா, இதைப் படிக்க உங்களால் ஏலுமோ தெரியாது. ஆனால் நீங்கள்தான் படிக்கவேணும்" என்றாள். வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டேன். 2020 ஊரடங்கின்போதுதான் எடுத்தேன். முதல் வசனத்திலேயே ஆறு வயதுப் பிள்ளை ஒன்றைத் தினேஷ் என்ற இளைஞன் தூக்கிக்கொண்டு போகிறான். பிள்ளைக்கு வலது கால் ஏற்கெனவே இல்லை. இப்போது வலது கையையும் எடுக்க வேண்டும். விறைப்பு மருந்து கிடையாது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள் காலை தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி திறந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கிழமையில் முடித்தேன்.

கதை முழுவதும் ஒரு பகலும் ஓர் இரவும்தான். இடம்பெயர்ந்த சனங்கள் கூடாரங்களில் அடைந்து கிடக்கும் கடற்கரை. மனைவியையும் மகனையும் இழந்த சோமசுந்தரம் என்பவர் தினேஷிடம் வந்து தன் மகள் கங்காவைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். தனக்கு ஏதாவது நடந்தால் பிள்ளை தனித்துவிடக்கூடாது என்ற பயம். இப்படி ஒரு கலியாணம் நடக்குமா என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். எங்கள் வாட்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். வயது 17 என்று சொன்னாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, இன்னும் நிறம் மங்கவில்லை. சீட்டு எழுதும்போது கணவரின் பெயரைக் கேட்டேன். பெயரைச் சொன்னாள். முதலெழுத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு அது நினைவில் வரவில்லை. நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். 11 வருடம் கழித்து அந்த நாவலைப் படிக்கும்போதுதான் அவளுடைய அந்த ஒரு நிமிடம் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்னொரு பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலியாணம் முடிந்த பிறகு தினேஷ் குளிக்கிறான். எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பில் தண்ணீர் படுகிறது. சவர்க்காரம் தேய்க்கத் தேய்க்க ஊத்தை கரைந்து போவதையும், அடியில் இருந்து தன் தோல் வெளியே வருவதையும் அவன் பார்க்கிறான். இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இலக்கியம் படித்த ஒருவருக்கு இது நீளமாகத் தெரியலாம். கப்பலில் வந்தவர்களை உடம்பு துடைத்துவிட்ட எனக்கு அதில் ஒரு வரியும் மிகையாகத் தெரியவில்லை. காயத்துக்குள் கடற்கரை மண் இருக்கும். தலைமயிருக்குள் மண், காதுக்குள் மண். ஒரு ஐயா, இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாதவர், என்னிடம் முதலில் கேட்டது நோவு மருந்து அல்ல. "மிஸி, நகம் வெட்டிவிடுங்கோ" என்றார். பத்து விரலுக்கும் வெட்டினேன். அவர் கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை நான் யாரிடமும் சொன்னது கிடையாது. சொன்னால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். இதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிற ஒருவர் இருக்கிறார், அவர் 1988இல் பிறந்தவர் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

என் மைத்துனர் வாழ்நாள் முழுக்கப் படிக்கிறவர். அவரிடம் இந்த நாவலைப் பற்றிச் சொன்னபோது உடனே கேட்டார்: "அந்தப் பெடியன் அங்கே இருந்தவனோ?" இல்லை. அருட்பிரகாசம் கொழும்பில் வசதியான வீட்டில் வளர்ந்து, படிப்புக்கு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தான் அந்தப் போருக்குள் இருக்கவில்லை என்பதை அவரே மறைக்கவில்லை. இந்தக் கேள்விக்கு நான் நிறைய நாள் யோசித்துத்தான் பதில் வைத்திருக்கிறேன். அங்கே இருந்து வந்தவர்களை நான் பார்த்தேன். அவர்கள் கதைக்கவே இல்லை. சாப்பாடு கொண்டுபோனால் வாங்குவார்கள், திரும்பிப் படுப்பார்கள். கதைக்கக்கூடிய நிலைமை பலருக்கு இன்றைக்கும் வரவில்லை. அங்கே இருந்தவர் எழுதினால்தான் செல்லும் என்று நாங்கள் சட்டம் போட்டால், இறந்துபோனவர்களைப் பற்றி யாரும் எழுத முடியாது. தூரத்தில் இருந்தவர், தான் தூரத்தில் இருந்தோமே என்ற வேதனையோடு, ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்து எழுதினால் அது பொய்யாகுமா? மைத்துனரின் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். 2017இல் இந்த நாவலுக்குத் தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசு கிடைத்தது.

அருட்பிரகாசத்தின் நாவல் வெளிவந்த அதே 2016ஆம் ஆண்டு இன்னொரு ஆங்கில நாவலும் வந்தது. யா ஜெசி எழுதிய 'ஹோம்கோயிங்'. அவர் 1989இல் கானாவில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போய், அலபாமா மாநிலத்தில் வளர்ந்தவர். 2009இல், அதாவது எங்கள் வாட்டில் நிலத்தில் பாய் விரித்துச் சனங்களைப் படுக்கவைத்த அதே வருடம், மாணவியாகக் கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையைப் பார்க்கப் போயிருக்கிறார். மேல் மாடியில் ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்கள் கட்டிக்கொண்ட உள்ளூர்ப் பெண்களும் குடியிருந்தார்கள், அதே கட்டடத்தின் கீழே நிலவறையில் அடிமைகளாக விற்கப் பிடித்துவந்தவர்களை அடைத்து வைத்திருந்தார்கள் என்று அங்கே கேட்டதுதான் நாவலுக்கு வித்து. எஃபியா, எசி என்று ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. ஒருவரை ஒருவர் தெரியாது. அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அத்தியாயத்துக்கு ஒருவராக இருநூற்றுச் சொச்ச வருடம் போகிறது. ஜெசியும் 'அங்கே இருந்தவர்' அல்ல. 18ஆம் நூற்றாண்டில் யாரால் இருந்திருக்க முடியும்? அதனால் அந்த நிலவறையின் நாற்றம் பொய்யாகிவிடவில்லை.

1988இல் வியட்நாமில் பிறந்து இரண்டு வயதில் அமெரிக்கா போன ஓஷன் வுவோங் 2019இல் எழுதிய நாவலையும் மகள் அனுப்பினாள். எழுத்து வாசனை அறியாத தாய்க்கு மகன் எழுதும் கடிதமாக அது போகிறது. தாய் நகம் அலங்கரிக்கும் கடையில் வேலை செய்கிறவள். அதை இன்னும் பாதிதான் படித்திருக்கிறேன், ஆகையால் அதிகம் சொல்லவில்லை.

அருட்பிரகாசத்தின் இரண்டாவது நாவல் 'எ பசேஜ் நோர்த்', 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. கொழும்பில் இருந்து வடக்கே ரயிலில் ஒரு மரணவீட்டுக்குப் போகிற கிரிஷானின் கதை. இறந்தவர் ராணி. போரில் இரண்டு மகன்மாரையும் பறிகொடுத்து, மனநோய்க்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, கிரிஷானின் அப்பம்மாவைப் பராமரிக்க வந்தவர். ராணியையும் அப்பம்மாவையும் பற்றிய பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். வயது போன ஒருவர் தன் அறையில் இருந்துகொண்டே வீட்டின் நடப்புகளில் தனக்கும் பங்கு வேண்டும் என்று எப்படிப் போராடுகிறார் என்பதை இவ்வளவு இளம் வயதில் ஒருவர் கவனித்திருக்கிறாரே என்று வியந்தேன். கிரிஷானின் காதலைப் பற்றிய பகுதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வசனங்களும் சில இடங்களில் மூச்சு முட்டும் நீளம். ஆனால் மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலாரின் கதையைப் பெரியபுராணத்தில் இருந்து எடுத்து அவர் வைத்திருக்கும் இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. சின்ன வயதில் அம்மம்மா சொன்ன கதை. ஆங்கிலத்தில் எழுதினாலும் அவர் எந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறார் என்பது அங்கே தெரிகிறது.

கைத்தொலைபேசிக்கு வருகிறேன். அயர்லாந்தின் மேயோ பகுதியில் 1991இல் பிறந்த சாலி ரூனியின் 'நோர்மல் பீப்பிள்' (2018) நாவலைக் கட்டுரையாளர் மனதில் வைத்துத்தான் எழுதினாரோ தெரியவில்லை. அதில் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் உண்டு. மரியான், கோனல் என்ற இரண்டு பிள்ளைகள் சேர்வதும் பிரிவதும்தான் கதை. தொடக்கத்தில் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். கோனலின் தாய் மரியானின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறவர். பின்னால் இருவரும் டப்ளினில் ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கோனலுக்குக் கையில் காசு இல்லை, அறை வாடகை கட்ட வழியில்லை. உன்னோடு தங்கட்டுமா என்று மரியானிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்காமலே ஊருக்குப் போகிறான், உறவு முறிகிறது. ஒரு காதல் முறிந்ததற்கு வாடகைதான் காரணம்.

2022இல் விலைவாசி ஏறியபோது என் மகள் வெள்ளவத்தையில் தன் அறைக்கு இரண்டு மாதம் வாடகை கட்டமுடியாமல் இருந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. ஓய்வூதியத்தில் இருக்கும் அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டாள். அந்த நாவலை நான் படித்து முடித்த பிறகு ஒரு நாள் இரவு கேட்டேன், அப்போதுதான் சொன்னாள். இந்தத் தலைமுறை எழுதுவது வெறும் காதல் சண்டை என்று நான் இனிமேல் சொல்ல மாட்டேன்.

தமிழிலும் எழுதுகிறார்களே. சாகித்திய அகாதெமி 35 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று 2011 முதல் யுவ புரஸ்கார் விருது கொடுத்து வருகிறது. லக்ஷ்மி சரவணகுமாரின் 'கானகன்' 2016இல் பெற்றது, காட்டையும் வேட்டையையும் பற்றிய நாவல். கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' 2021இல் பெற்றது, மென்பொருள் நிறுவன ஊழியர்களைப் பற்றியது. இரண்டாவதைச் சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர் மூலம் எடுத்துப் படித்தேன். கண்ணாடிக் கட்டடத்துக்குள் போகிறவர்களுக்கு என்ன கவலை இருக்கப்போகிறது என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த இலக்கியப் பக்கத்தை நாற்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நாவல் ஒன்றுக்குக் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி. எங்கள் ஊர்ப் போரைப் பற்றிய நாவலை இலண்டனில் படித்துவிட்டார்கள், நியூயோர்க்கில் படித்துவிட்டார்கள். என் தெருவில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். மதிப்புரை எழுதுகிறவர் பாராட்டத்தான் வேண்டும் என்றில்லை. பிழை இருந்தால் பிழையைச் சொல்லட்டும். படித்துவிட்டுச் சொல்லட்டும்.

என்னுடைய பிரதி இப்போது என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள், அவள் வாங்கிக்கொண்டு போனாள். அவள் 2009 ஏப்ரலில் பிறந்தவள். நேற்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அன்ரி, அந்தச் சின்னப் பிள்ளை பிழைக்குமா?" என்று கேட்டாள். இன்னும் முதல் அத்தியாயத்தில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.