மொய் நோட்டு உள்ள ஓர் ஊரை உருவாக்குங்கள்

பெங்களூரில் வீடியோ கேம் உருவாக்கும் தமிழ் இளைஞர்களுக்கு,

வணக்கம். நான் அல்சூரில் வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில். மகள் இங்கேயே பிறந்தவள். ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற வீடியோ கேமில் வரும் பெலிகன் டவுன் என்ற சிற்றூரில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், அபிகேலுக்குச் செவ்வந்திக்கல் கொடுத்தால் எவ்வளவு மகிழ்வாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நானும் அவளோடு உட்கார்ந்து விரும்பி விளையாடுகிறேன். விதைப்பது, மீன் பிடிப்பது, அக்கம்பக்கத்தாரோடு பேசுவது என்று பொழுது போவதே தெரிவதில்லை. எரிக் பரோன் என்ற தனிமனிதர் நான்கரை ஆண்டுகள் உழைத்து 2016இல் இதை வெளியிட்டார். படம், இசை, நிரல், கதை எல்லாமே அவர் கைவேலை.

அவருக்கு முன்மாதிரியாக இருந்தது 1996இல் ஜப்பானில் வெளியான ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற விவசாய விளையாட்டு. அதை வடிவமைத்த யசுஹிரோ வாடா, மியாசாகி மாகாணத்திலிருந்து டோக்கியோவுக்கு வந்தவர். பெருநகரத்துக்கு வந்த பிறகு, விட்டுவந்த கிராமப்புறத்தை எண்ணி ஒருவர் கண்டெடுத்த வடிவம் இது. வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஊர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் உங்களைவிட, நம் ஊரை இப்படி ஒரு விளையாட்டாக்கப் பொருத்தமானவர்கள் யார்?

ஆனால் பெலிகன் டவுனுக்கு வேட்டி கட்டிவிட்டு, இதுதான் நம் ஊர் என்று சொல்லிவிடாதீர்கள். கோபுரமும் வாழைமரமும் வரைந்தால் ஊர் வந்துவிடாது. ஊர் தன் வழக்கங்களில் இருக்கிறது. அந்த வழக்கங்களே உங்கள் விளையாட்டின் விதிகளாக வேண்டும்.

பரிசு கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்டியூவில் ஒருவருக்கு வாரம் இரண்டு பரிசு தரலாம். அவருக்குப் பிடித்திருந்தால் நட்பு வளரும். நம் ஊரிலோ மொய் நோட்டு இருக்கிறது. எந்த வீட்டுக் காதுகுத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது தலைமுறை மாறினாலும் அதில் நிற்கும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். தவறினால் பேச்சுவார்த்தை அறுந்துவிடும். உங்கள் விளையாட்டில், அலுவலக வேலையை விட்டுத் தாத்தாவின் நிலத்துக்கு வந்து சேரும் பேரப்பிள்ளையிடம் முதல் நாளே அந்தப் பழைய நோட்டைக் கொடுத்துப் பாருங்கள். முகமே அறியாத பலருக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கும். சிலரிடமிருந்து வர வேண்டியதும் இருக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். கதை அங்கே தானாகத் தொடங்கும்.

திருவிழாவும் அப்படித்தான். பெலிகன் டவுனின் பெரும்பாலான விழாக்கள் ஒரே நாளில் முடிந்துவிடும். எங்கள் பக்கம் வெயில் காலத்தில் பாரதக்கூத்து பதினெட்டு நாள் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசியில் படுகளம், மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். அந்த நாட்களில் ஊரின் தூக்கமும் கடை திறக்கும் நேரமும் வயல் வேலையும் மாறிப்போகும். ஸ்டார்டியூவில் இரவு 2 மணி ஆனால் மயங்கி விழுந்துவிடுவோம். கூத்து நாட்களில் அந்த விதியை உடையுங்கள். விடிய விடிய விழித்திருக்க விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சிற்றூர் எல்லோருக்கும் இதமானதாக இருந்ததில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். யார் எங்கே தண்ணீர் எடுக்கலாம், தேர் எந்தத் தெருவுக்குள் வரும், யாருக்கு எந்தச் சுடுகாடு என்பதைச் சாதி தீர்மானித்த இடம் அது. பல ஊர்களில் இன்றும் தீர்மானிக்கிறது. அந்த மொய் நோட்டில் யாருடைய பெயர் எழுதப்படவே இல்லை என்பதையும் பாருங்கள். மனத்துக்கு இதமான விளையாட்டில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். பெலிகன் டவுனிலேயே குடியில் மூழ்கிய ஷேன் இருக்கிறான், போரிலிருந்து உடைந்து திரும்பிய கென்ட் இருக்கிறார். அவர்களால்தான் அந்த ஊரை நம்ப முடிகிறது. உங்கள் விளையாட்டில் ஒருவர் எந்தத் தெருவில் குடியேறுகிறாரோ அதற்கேற்ப ஊர் வேறு முகம் காட்டட்டும். ஒருவருக்குத் திறக்கும் கதவு மற்றவருக்குத் திறக்காமல் போகட்டும். அதை மாற்றப் போராடும் வழியும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம். டொராண்டோவில் உருவாகி 2023இல் வெளியான ‘வெண்பா’ என்ற வீடியோ கேம், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை உலகம் விளையாடும்படி செய்தது. நீங்கள் உரையாடல்களைத் தமிழிலேயே எழுதத் தொடங்குங்கள், குரலும் சேருங்கள். என் மகளைப் போல, தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். அடுத்ததாகக் கன்னடத்திலும் கொண்டுவாருங்கள். உங்கள் பக்கத்து மேசையில் மண்டியாவிலிருந்தோ கோலாரிலிருந்தோ வந்தவர் இருப்பார்; அவருக்கும் சொல்ல ஓர் ஊர் இருக்கும்.

எடுத்தவுடன் முழு ஊரும் வேண்டாம். ஒரு தெரு, ஒரு சந்தை நாள், ஒரு காதுகுத்து போதும். எங்கள் வீட்டுப் பழைய மொய் நோட்டு என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருகிறேன். பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு வாசகர்