அந்தக் காசில் வளையம் வைக்காதே, மகள்

அன்பு மகள்,

அந்த ஜேர்மன் 20 மார்க் தங்கக் காசு பத்திரமாக லண்டன் வந்து சேர்ந்தது சந்தோஷம். ஆனால் அதில் வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் போடப்போகிறேன் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. ரெலிபோனில் கதைத்தால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன்.

நீ அதைப் பவுணாகப் பார்க்கிறாய். பிழையில்லை, நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன். 20 மார்க் காசு 7.965 கிராம், இங்கிலாந்துப் பவுண் 7.988. கையில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பவுண் 22 கரட். மார்க்கில் பத்தில் ஒன்பது பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு.

சரி, இப்போது அந்த முகத்தைப் பார். தாடி வைத்த அந்த மனிதர் மூன்றாம் பிரீட்ரிக். 1888 மார்ச் 9ஆம் திகதி தகப்பன் முதலாம் வில்ஹெல்ம் இறக்க, இவர் ஜேர்மன் பேரரசரானார். அப்போதே தொண்டையில் புற்றுநோய். பேச முடியாமல் தாளில் எழுதிக் காட்டித்தான் ஆட்சி நடத்தினார். யூன் 15ஆம் திகதி இவரும் போய்விட்டார். மொத்தம் 99 நாள். அந்த வருடக் காசாகப் பேர்லினில் அவர் முகம் வைத்த 20 மார்க் காசு 50 லட்சத்துக்கு மேல் அடித்துவிட்டார்கள். அதனால் இது அரிய காசில்லை. எனக்கு மட்டும் இதை எடுக்கும்போதெல்லாம் அந்த எழுதிக் காட்டிய கைதான் ஞாபகம் வரும்.

முகத்துக்குக் கீழே சின்னதாய் ஓர் ஏ எழுத்து இருக்கும், அது பேர்லினில் அடித்த காசு என்பதற்கு அடையாளம். ஹம்பேர்க்கில் அடித்தது என்றால் ஜே. பிறகு விளிம்பை விளக்கடியில் மெல்லச் சுழற்று. 'கொட் மிற் உன்ஸ்', கடவுள் எங்களோடு என்று சுற்றி எழுதியிருக்கும். வளையம் பற்றவைத்தால் நெருப்புப் படுவது அந்த எழுத்தில்தான். பிறகு கழற்றி அராவினாலும் தழும்பு போகாது. கடைக்காரர் அதை 'ஹெங்கல்ஷ்பூர்', அதாவது வளையம் இருந்த தழும்பு என்று சொல்லி, உருக்கும் தங்கத்தின் விலைக்குத்தான் எடுப்பார்.

தயவுசெய்து மினுக்கவும் வேண்டாம். என்னுடைய முதல் ஹம்பேர்க் காசு, ராசா முகம் இல்லாமல் மூன்று கோபுரக் கோட்டை போட்டது, நீ பார்த்திருக்கிறாய். அப்பம்மா குத்துவிளக்குத் தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோட்டைச் சுவரெல்லாம் மயிரிழைக் கீறல். இன்றைக்கும் அதைப் பார்க்க மனம் வலிக்கும்.

சங்கிலியில் போட வேண்டும் என்ற உன் ஆசை எனக்கு விளங்குகிறது. என்னிடம் 10 மார்க் காசு ஒன்று இருக்கிறது, அரைப் பவுண் அளவு. யாரோ ஒரு பெண் எப்போதோ வளையம் வைத்துப் போட்டுத் தேய்ந்தது. தங்க விலைக்கே வாங்கினேன். அதை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நத்தாருக்கு வரும்போது பிரீட்ரிக்கையும் கொண்டு வா. அவருடைய பெட்டி இங்கேதான் கிடக்கிறது.

அன்புடன்,
அப்பா