கொடிக்கம்பத்தைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் போர்த் திரைப்படங்களைப் பற்றி வந்த கட்டுரையில், கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-இல் இயக்கிய ‘ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்’ படத்துக்கு நான்கே வரிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. கதை முன்னும் பின்னும் தாவுவதால் விறுவிறுப்பு குறைகிறது என்றும், வீரர்களின் வீரம் மனதில் நிற்கவில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதே படத்தை நான் சென்ற மாதம் என் தாய்மாமாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் உதவியாளராக இருந்து 1996-இல் ஓய்வு பெற்றவர். கட்டுரையாளர் குறையாகச் சொன்ன இரண்டுமே அந்தப் படத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவதால், இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படம் சொல்வது இவோ ஜிமா என்ற சிறிய எரிமலைத் தீவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தின் கதை. இரண்டாம் உலகப் போரில், ஜப்பான் வசமிருந்த, டோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தத் தீவில், கடல்வழி வந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையினர் 1945 பிப்ரவரி 19-ஆம் நாள் இறங்கினார்கள். ஐந்தாம் நாளான பிப்ரவரி 23 அன்று, தீவின் தென்முனையில் உள்ள சுரிபாச்சி மலை உச்சியில் காலையிலேயே ஒரு கொடி ஏற்றப்பட்டது. பிறகு அதை இறக்கிவிட்டுப் பெரிய கொடி ஒன்றை ஏற்றினார்கள். அந்த இரண்டாவது கொடியை ஆறு பேர் தூக்கி நிறுத்தும் ஒரு நொடியைத்தான் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஜோ ரோசென்தால் படம் பிடித்தார். பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க நாளிதழ்களில் அது முதல் பக்கத்தில் வந்தது. போர் அத்துடன் முடிந்துவிட்டது என்றே அதைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். ஆனால் சண்டை மார்ச் 26 வரை நீடித்தது. படத்தில் இருந்த ஆறு பேரில் மைக்கேல் ஸ்ட்ராங்க், ஹார்லன் பிளாக் இருவரும் மார்ச் 1 அன்றும், ஃபிராங்க்ளின் சவுஸ்லி மார்ச் 21 அன்றும் அதே தீவில் கொல்லப்பட்டார்கள். ஊரில் மக்கள் அந்தப் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில், அதில் இருந்தவர்கள் பதுங்கு குழிகளில் செத்துக்கொண்டிருந்தார்கள். கொடியேற்றத்தை வண்ணத் திரைச்சுருளில் பதிவு செய்த பில் ஜெனாஸ்ட் என்ற மரைன் ஒளிப்பதிவாளரும் சில நாட்களில் அங்கேயே கொல்லப்பட்டார். அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

எஞ்சியவர்கள் என்று அடையாளம் சொல்லப்பட்ட மூவரையும் அரசு தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்தது. அவர்கள் ரெனே காக்னன், ஐரா ஹேய்ஸ், கடற்படை மருத்துவ உதவியாளரான ஜான் பிராட்லி. போருக்குப் பணம் திரட்டும் ஏழாவது கடன் பத்திர இயக்கத்துக்காக அவர்களை ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். 1,400 கோடி டாலர் இலக்கு வைத்த இடத்தில் 2,630 கோடி டாலர் திரண்டது. நாடு முழுவதும் ஒட்டிய சுவரொட்டிகளில் அந்தப் புகைப்படத்தின் ஓவியம் இருந்தது. அரசுக்குப் பணம் தேவைப்பட்டது உண்மை, அதில் எனக்கு வழக்கு இல்லை. அந்தப் பணத்துக்காக மூன்று உயிருள்ள இளைஞர்களை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் படம் காட்டுகிறது.

இரண்டு காட்சிகளைக் குறிப்பிட வேண்டும். ஒரு விருந்தில் கொடியேற்றும் வீரர்களின் வடிவத்திலேயே வெள்ளை நிறத்தில் ஓர் இனிப்பைச் செய்து மேசையில் வைக்கிறார்கள். பரிமாறுபவர் அதன்மேல் சிவப்புப் பழக்கூழை ஊற்றுகிறார். அது தலையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து காலடிக்கும் மெதுவாக வழிகிறது. பிராட்லி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது எதை நினைவூட்டுகிறது என்று அங்கே யாரும் விளக்குவதில்லை. விளக்கியிருந்தால் அந்தக் காட்சி கெட்டிருக்கும். மற்றொன்றில், விளையாட்டரங்கின் நடுவே செயற்கையாக ஒரு மலையைக் கட்டி, அதில் ஏறிக் கொடி நடும்படி மூவரையும் சொல்கிறார்கள். வாணவேடிக்கை வெடிக்கிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, அந்த வெடிச்சத்தத்திலேயே பிராட்லியின் மனம் தீவுக்குத் திரும்பிவிடுகிறது. கதை முன்னும் பின்னும் தாவுவதாகக் கட்டுரையாளர் சொன்னது இதைத்தான். போரைப் பார்த்து வந்தவனுக்கு நினைவு அப்படித்தான் வரும் என்பதை, கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கைகளைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் அழுத்தி வைத்துக்கொண்டார். பட்டாசு வெடிக்கும் தீபாவளி இரவுகளிலும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். சிறுவயதில் அதை நாங்கள் கால்வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐரா ஹேய்ஸின் கதை இன்னும் கனமானது. அவர் அரிசோனாவில் கீலா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த பீமா என்ற பூர்வகுடி இனத்தவர். கொடிப் படத்தில் தான் இருப்பதையே வெளியில் சொல்ல வேண்டாம் என்று காக்னனிடம் வற்புறுத்தியவர். மேடைதோறும் நாயகன் என்று அழைக்கப்பட்டவருக்கு, பூர்வகுடி என்ற காரணத்தால் மதுக்கடையில் இடம் மறுக்கப்படுவதைப் படம் காட்டுகிறது. சுற்றுப்பயணம் முடியும் முன்பே, குடியைக் காரணம் காட்டி அவரைப் படைப்பிரிவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் வயலில் கூலி வேலை செய்துகொண்டிருக்கும்போது, காரில் வந்த குடும்பம் ஒன்று அவரை அடையாளம் கண்டு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறது. அவர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொடியை எடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர்கள் சில்லறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தலைநகர் வாஷிங்டனுக்கு அருகில் உள்ள ஆர்லிங்டனில் அந்தப் புகைப்படத்தின் வடிவில் அமைத்த மாபெரும் வெண்கல நினைவுச்சின்னம் 1954 நவம்பர் 10 அன்று திறக்கப்பட்டபோது ஹேய்ஸும் அங்கே இருந்தார். அடுத்த ஜனவரி 24 அன்று, குடித்துவிட்டு இரவுக் குளிரில் கிடந்தவர், காலையில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். வயது 32.

கட்டுரையாளர் “வீரம் மனதில் நிற்கவில்லை” என்று எழுதியதை மறுக்க, ஹேய்ஸ் செய்த ஒரு காரியமே போதும். புகைப்படத்தில் கம்பத்தின் அடியில் குனிந்து முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவர் ஹாங்க் ஹான்சன் என்று முதலில் அறிவித்துவிட்டார்கள். ஹான்சனும் அந்தத் தீவில் உயிர்நீத்தவர்தான். ஆனால் அந்த இடத்தில் இருந்தவர் பிளாக் என்பது ஹேய்ஸுக்குத் தெரியும். அதை அதிகாரியிடம் சொன்னபோது, பெயர்கள் ஏற்கெனவே வெளியாகிவிட்டன, பேசாமல் இரு என்றே பதில் வந்தது. டெக்சாஸில் பிளாக்கின் தாய் பத்திரிகையில் அந்த முதுகைப் பார்த்தவுடனேயே அது தன் மகன் என்று சொன்னாராம். எவரும் நம்பவில்லை. 1946-இல் ஹேய்ஸ் அரிசோனாவிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் வழியில் போகும் வண்டிகளில் ஏறியும் நடந்தும் சென்று, பிளாக்கின் தந்தையைச் சந்தித்து உண்மையைச் சொன்னார். 1947 ஜனவரியில் பிழை திருத்தப்பட்டது. துப்பாக்கி எடுக்காமல், பேச்சுக்கூட அதிகம் பேசாமல், இறந்துபோன தோழனின் பெயரை அவனுடைய வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தப் பயணத்தைவிடப் பெரிய வீரத்தை அந்தத் தீவிலும் நான் காணவில்லை.

படம் வெளியான பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அது தங்கள் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. வரலாற்றில் ஈடுபாடு கொண்ட இரண்டு சாதாரண மனிதர்கள், அன்று எடுக்கப்பட்ட பிற புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கால்சட்டையின் மடிப்பு, இடைவாரில் தொங்கும் பொருட்கள், தலைக்கவசத்தின் வார் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். அவர்கள் கண்டதை நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா வேர்ல்ட் ஹெரால்டு நாளிதழ் 2014-இல் வெளியிட்டது. மரைன் படை மறுபடியும் ஆராய்ந்து, புகைப்படத்தில் இருந்தவர் பிராட்லி அல்லர், ஹரால்ட் ஷுல்ட்ஸ் என்று 2016-இல் அறிவித்தது. 2019-இல் காக்னனும் புகைப்படத்தில் இல்லை, அங்கே இருந்தவர் ஹரால்ட் கெல்லர் என்றும் அறிவித்தது. ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்ட மூவரில் ஹேய்ஸ் ஒருவர்தான் உண்மையில் அந்தக் கம்பத்தைத் தூக்கியவர். ஷுல்ட்ஸ் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலீஸில் தபால் துறையில் வேலை பார்த்து, ஊரறிய எதுவும் சொல்லாமல் 1995-இல் காலமானார்.

பிராட்லியைப் பற்றி மேலும் ஒன்று உண்டு. கொடி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 21 அன்று, குண்டு மழைக்கு நடுவே ஓடிச் சென்று, காயம்பட்டுக் கிடந்த ஒரு மரைனுக்கு மருத்துவ உதவி செய்து, தன் உடலையே மறைப்பாக வைத்து அவரை இழுத்து வந்தார் பிராட்லி. அதற்காக அவருக்கு நேவி கிராஸ் என்ற உயர் விருது வழங்கப்பட்டது. அந்த விருது தங்கள் தந்தைக்குக் கிடைத்திருந்தது என்பது, 1994-இல் அவர் இறந்த பிறகுதான் அவருடைய பிள்ளைகளுக்கே தெரிய வந்தது. உண்மையாகச் செய்த காரியத்தை வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்த மனிதரை, அவர் தூக்காத கம்பத்துக்காக ஒரு நாடு எழுபது ஆண்டுகள் கொண்டாடியிருக்கிறது. அந்த மனிதரின் மனப்புழுக்கம் எப்படிப்பட்டது என்பதைப் படம் தன்னையறியாமலே பிடித்திருக்கிறது. 2006-இல் எடுத்த படம் ஆதலால் அதிலும் பழைய பெயர்களே இருக்கின்றன. பெயரில் பிழை இருந்தும், ஒரு மனிதனைப் பிம்பமாக்கினால் என்ன ஆகும் என்பதில் அந்தப் படத்துக்குப் பிழை இல்லை. (அதே ஆண்டில் அதே இயக்குநர், அதே தீவை ஜப்பானியச் சிப்பாய்களின் பக்கம் நின்று ஜப்பானிய மொழியில் இன்னொரு படமாக எடுத்தார். அங்கே இறந்த ஏறத்தாழ இருபதாயிரம் பேருக்குச் சுவரொட்டியும் இல்லை, சுற்றுப்பயணமும் இல்லை. கட்டுரையாளர் இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்கலாம்.)

படம் முடிந்ததும் மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த ஐராவுக்குப் பென்ஷன் ஏதாவது வந்துச்சாப்பா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

இதை எழுத என்னைத் தூண்டிய வேறொரு நிகழ்வும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளியின் சுதந்திர தின விழாவுக்கு மாமாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அழைப்பிதழைப் பார்த்தால், ‘கார்கில் போர் வீரர்’ என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. கார்கில் போர் 1999-இல் நடந்தது, அவர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டவர். முதல் நாளே போய்ச் சொன்னோம். “அச்சடித்தாகிவிட்டது ஐயா, யார் கவனிக்கப் போகிறார்கள்” என்றார்கள். மறுநாள் மாமா மாலையை வாங்கிக்கொண்டு, ஒலிபெருக்கியின் முன்னால் நின்று, “நான் கார்கிலில் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற வேலை பார்த்தேன்” என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் ஓர் உள்ளூர்ச் செய்தியில் மறுபடியும் ‘கார்கில் வீரர்’ என்றே வந்தது. அந்தச் செய்தித் துணுக்கை உறவினர் ஒருவர் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தார். மாமா அதைச் சுவரில் மாட்டவில்லை. அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்த மாதிரி திருப்பி வைத்திருக்கிறார். ஹேய்ஸிடம் அந்த அதிகாரி சொன்ன பதிலைக் கேட்டபோது எனக்கு அந்த அழைப்பிதழ்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. ஆகஸ்ட் மாதத்திலும் ஜனவரி மாதத்திலும் முன்னாள் படைவீரர்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் சிறப்புப் பக்கங்கள் வெளியிடுகிறது. அது நல்ல காரியம், நிறுத்தவே கூடாது. அச்சுக்குப் போகும் முன், படத்தின் கீழே போடும் வரியை ஒருமுறை அந்த வீரருக்கோ அவர் வீட்டாருக்கோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, என்ன வேலை என்பதை அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். சமையற்காரராகவோ ஓட்டுநராகவோ இருந்திருந்தால் அப்படியே எழுதுங்கள். பிழை நேர்ந்துவிட்டால், பிழை வந்த பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள். கூட நின்றவர்களின் பெயரை அவர்கள் சொன்னால், இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் பேச ஒப்புக்கொள்வதே அந்தப் பெயர்களுக்காகத்தான்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் மாமாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். உள்ளங்கைகளைப் பற்றிய இடத்தில் கொஞ்சம் தயங்கினார், பிறகு இருக்கட்டும் என்றார். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வேலூர் மாவட்டம்.