2024-ல பாரிஸ்ல அப்படி என்னதான் பண்ணாங்கன்னு கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன வாரம் போன்ல கேட்டீங்களே, 2024-ல பார்த்த ஃபேஷன் ஷோவுல எதுடி மனசுல நிக்குதுன்னு. நீங்க பிளவுஸ் வெட்டிக்கிட்டே பேசினீங்க, கஸ்டமர் வேற வந்துட்டாங்க, அதான் உட்கார்ந்து எழுதறேன்.

யாரைக் கேட்டாலும் ஜனவரி 25 ராத்திரி நடந்த மேசன் மார்ஜியலாங்கற ஃபேஷன் கம்பெனியோட ஷோவைத்தான் சொல்வாங்க. அங்க டிசைனரா இருந்த ஜான் கலியானோ பண்ணது. பாரிஸ்ல மூணாம் அலெக்சாண்டர் பாலத்துக்கு அடியில, கார்செட்டை இறுக்கிக் கட்டி இடுப்பு ஒரு பிடிக்குள்ள அடங்கற மாதிரி, முகமெல்லாம் பாட் மெக்ராத் போட்ட மேக்கப்புல பீங்கான் பொம்மை மாதிரி பளபளன்னு, நடையே சாதாரண ரேம்ப் நடை இல்லக்கா, குளிர்ல நடுங்கிட்டு யாருக்கோ பயந்து போற மாதிரி நடந்தாங்க. மூணு தடவை பார்த்தேன். டிசம்பர்ல கலியானோ அங்கேருந்து விலகிட்டார், 10 வருஷம் இருந்தவர். அதே ஜனவரியில ஸ்கியாபரெல்லிங்கற இன்னொரு ஃபேஷன் கம்பெனி ஷோவுல பழைய செல்போன், சர்க்யூட் போர்டெல்லாம் வச்சு செஞ்ச ரோபோ குழந்தையை ஒரு மாடல் தூக்கிட்டு வந்தாங்க, போட்டோவுக்கு நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஆனா என் மனசுல நின்னது ஜூன் 22தான். டிசைனர் டிரீஸ் வான் நோட்டனோட கடைசி ஷோ, மொத்தத்துல 129வது. பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப் ஊர்க்காரர், தாத்தா டெய்லர், அப்பா துணிக்கடை வச்சிருந்தவர். பாரிஸுக்கு வெளியே லா கூர்னவ்ல ஒரு பழைய ஃபேக்டரி, நீளமா தரை முழுக்க வெள்ளி ரேக்கு, நம்ம ஊர்ல ஸ்வீட்டு மேல ஒட்டுவாங்களே அந்த மாதிரி மெல்லிசு. மாடல்ஸ் நடக்க நடக்க அது பிஞ்சு பிஞ்சு காத்துல எழும்பி பறக்குது, அந்த வெள்ளிக்கு நடுவுல கண்ணாடி மாதிரி துணியில தைச்ச கோட்டு, உள்ள போட்டிருக்கற டிரஸ்ஸோட கலர் வெளியே தெரியுது. சில துணியில சுமினகாஷின்னு ஜப்பான்காரங்க முறை, தண்ணி மேல மையை மிதக்கவிட்டு அதுல துணியை வச்சு எடுக்கறது, ஒரு தடவை வந்த டிசைன் இன்னொரு தடவை வராது.

உங்ககிட்ட முக்கியமா சொல்லணும்னு நினைச்சது வேற. இவரோட எம்ப்ராய்டரி வேலை வருஷக்கணக்கா நம்ம கொல்கத்தா பக்கத்துலதான் நடந்துட்டு வந்திருக்கு. ஃபேஷன் பிளைனுக்கு மாறினாலும் ஒவ்வொரு சீசனும் கொஞ்சமாவது எம்ப்ராய்டரி வச்சிட்டு இருந்தார், இல்லேன்னா அந்தக் கைகளுக்கு வேலை இருக்காதுன்னு. ஆடி மாசம் ஆர்டர் இல்லாதப்ப கூட நீங்க ஆரி வேலைக்கு வர்ற ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பாம ஏதாவது பார்டர் போடச் சொல்லி உட்கார வச்சிருப்பீங்களே, அதைப் படிச்சப்ப எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு.

அவர்கிட்டயே வேலை பார்த்த ஜூலியன் கிளவுஸ்னரை டிசம்பர்ல அவர் இடத்துக்குப் போட்டிருக்காங்க. கொல்கத்தா வேலை அப்படியே தொடரணும்னு ரொம்ப ஆசையா இருக்குக்கா.

வீடியோ அனுப்பறேன். ஷட்டரை இறக்கினப்புறம் நிதானமா பாருங்க, முதல்ல அந்தத் தரையைப் பாருங்க.

உங்க தங்கச்சி