மாமன் சீர்

மதுரை,
வைகாசிக் கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் பிள்ளைக்கு, என் மருமகனுக்குச் சேலத்தில் பெண் அமைந்ததையும் ஆவணியில் முகூர்த்தம் குறித்ததையும் உன் அக்காவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பூ வைத்த அன்று பெண் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டாள். நீ அதை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது, கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே சின்னவளுக்குச் சித்திரையில் பெண் குழந்தை பிறந்து, திருப்பூரிலிருந்து பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறாள். என் தையல் கடை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியது உனக்குத் தெரியும். மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் மெஷின் போட்டு உட்கார்ந்த காலம் மனதை விட்டுப் போகவில்லை. சித்திரை வெயிலிலும் அந்தக் கல் குளிர்ந்து கிடக்கும். ஆனால் இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது, கறுப்புத் துணியில் காஜா எடுக்கும்போது கண்ணுக்குச் சிரமம் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முகூர்த்தத்துக்கு ஏதாவது ஒரு வேட்டி போதும், ஃபார்மலாக எடுப்பதை ரிசப்ஷனுக்குப் பார்த்து எடுக்கலாம் என்று மருமகன் சொல்வதாக எழுதியிருந்தாய். இந்தப் பேச்சை நான் கடையில் வாரத்துக்கு ஒரு முறை கேட்கிறேன். நாற்பது வருஷமாகக் கோட் தைத்தே சாப்பிடுகிறவன் நான். ஆனாலும் வேட்டியை இரண்டாவதாக வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனதற்காகச் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் உள்ளே விடவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? அதே ஆண்டு சட்டமன்றத்தில் அதற்கென்று சட்டமே போட்டார்கள். வேட்டிக்காகச் சட்டம் போட்ட ஊர் இது. தாலி கட்டும் நேரத்து உடுப்பை விடவா ஒருவனுக்குப் பெரிய ஃபார்மல் இருக்கிறது?

அதனால் முதலில் வேட்டி. பெண் சேலம் என்பதால் முகூர்த்த வேட்டி அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன். நல்லதாகப் போயிற்று. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் போனால் நெய்கிற வீட்டையே பார்க்கலாம். அவர்கள் எடுக்கப் போகும்போது நீயும் கூடப் போ. ஆர்ட் சில்க் என்று செயற்கை இழை ஒன்று கடைகளில் நிறைய வருகிறது, மினுமினுப்பு அதில்தான் அதிகம். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பார். சந்தேகம் வந்தால் முந்தியில் தொங்கும் நூலில் இரண்டு இழை கேட்டு வாங்கிப் பற்ற வை. பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் என்றால் உருகி மணி மாதிரி உருண்டு நிற்கும், ரேயான் என்றால் காகிதம் எரிந்த வாடை வரும்.

நாலு முழம் வேண்டாம், எட்டு முழமே எடுக்கச் சொல். இரட்டையாக விழும்போதுதான் உள்ளே நிழல் தெரியாமல் இருக்கும், உட்கார்ந்து எழும்போதும் விலகாது. கரை நாலு விரலுக்கு மேல் போக வேண்டாம் என்பது என் எண்ணம். ஜரிகை கனமானால் கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நிறம் சந்தனத்துக்கும் பாலுக்கும் நடுவில் இருக்கட்டும். சுத்த வெள்ளையை விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தால் நீலம் பாய்ந்த மாதிரி தெரிகிறது.

புதுப் பட்டு இடுப்பில் நிற்காது, மாப்ளே. இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். போன தையில் ஒரு கல்யாணம். நான் தைத்த சட்டை என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைப் பையன் ஒன்றரை மணி நேரம் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தான். அக்கினியை வலம் வரும்போது பெண்ணின் விரலை ஒரு கையில் பிடித்திருக்கிறான், இன்னொரு கை இடுப்பை விட்டு நகரவே இல்லை. முகத்தில் சந்தோஷமே இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உள்ளே ஒரு பருத்தித் துணி, மேலே அகல பெல்ட் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நிம்மதியாகச் சுற்றி வந்திருக்கும். மருமகன் பெங்களூரில் பேன்ட்டிலேயே இருக்கிறவன். இப்போதிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்காரச் சொல். வெல்க்ரோ வைத்ததும் வருகிறது. பழக்கமே இல்லாதவனுக்கு அதில் தப்பு ஒன்றும் இல்லை. பஞ்சகச்சம் கட்டுகிற வழக்கம் அவர்கள் பக்கம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள், அதற்கு ஒன்பது முழம் வேண்டும்.

சட்டையைக் கடையில் ரெடிமேடாக எடுக்காதே. துணி மட்டும் எடுத்து எனக்கு அனுப்பு. காரணம் சொல்கிறேன். மாப்பிள்ளைச் சட்டைக்கு டிரையல் பார்க்கும்போது நான் கண்ணாடி முன்னால் நிறுத்துவதில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் ஒரு நாடாவைச் சுற்றி, மூன்று முடிச்சுப் போடு தம்பி என்பேன். பெண்ணின் கழுத்தில் மாலை கனமாகக் கிடக்கும். அதற்குப் பின்னால் இரண்டு கையையும் கொண்டுபோய்த்தான் முடிச்சுப் போட வேண்டும். அப்போது கைக்குழி தாழ்ந்து வெட்டின சட்டை என்றால், கை தூக்கினதும் சட்டை முழுவதும் மேலே ஏறி, விலாப் பக்கம் பிடிக்கும். கைக்குழியை அக்குளுக்கு நெருக்கமாக மேலே ஏற்றி வெட்டினால் கை தனியாக எழும்பும், உடம்புத் துணி அசையாது. ரெடிமேடில் எல்லா உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று அந்தக் குழியைத் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். பார்க்கத் தெரியாது, முடிச்சுப் போடும்போதுதான் தெரியும். உள்ளே நல்ல பருத்தி பனியன் கட்டாயம். சந்தன நிறப் பட்டில் வியர்வை பட்டால் அப்படியே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று, உன் வீட்டுக்காரி, என் தங்கச்சியிடம் சொல்லிவை. அட்சதை மஞ்சள் வேட்டியில் பட்டால் பதறிப்போய் சோப்புப் போடக் கூடாது. சோப்புப் பட்ட மஞ்சள் சிவப்பாக மாறும். அப்படியே விட்டு, அப்புறம் டிரை வாஷுக்குக் கொடுத்தால் போதும்.

இனி கோட். டக்ஸிடோ வேண்டும் என்கிறானாமே. அதைக் குறை சொல்ல மாட்டேன். அது ராத்திரி விருந்துக்கென்றே பிறந்த உடுப்பு. நம் ரிசப்ஷனும் சாயந்திரம்தானே. ஆனால் காலரில் சாட்டின் மின்னுகிற அந்தக் கோட்டை அவன் இரண்டாம் தடவை எங்கே போடுவான்? ஆபீசுக்கு ஆகாது, இன்னொருவர் கல்யாணத்துக்கும் கூச்சமாக இருக்கும். ஷெர்வானியும் அப்படித்தான், ஒரு ராத்திரியோடு பெட்டிக்குள் போய்விடும். கழுத்து மூடிய ஜோத்புரி என்றால் கொஞ்சம் பரவாயில்லை. என்னைக் கேட்டால் சாதாரண இரண்டு பட்டன் சூட், கருநீலத்தில். பத்து வருஷம் கூட வரும். அன்றைக்குக் கட்டின டையோடு அவன் பிள்ளையின் காதுகுத்துக்கும் போட்டுக்கொண்டு வரலாம். கறுப்பு வேண்டாம், மடிப்பும் வெட்டும் எதுவும் படத்தில் தெரியாது. பொடிக் கட்டமும் வேண்டாம், வீடியோவில் அலை அலையாக நெளியும். பெண்ணின் புடவைக்கு மேட்ச் வேண்டும் என்று பிடிவாதம் செய்தால் டையிலும் மேல்பாக்கெட் கைக்குட்டையிலும் வைத்துக்கொள்ளட்டும், கோட்டை விட்டுவிடு.

துணியில் மட்டும் கை சுருக்காதே. மண்டபத்தில் ஏ.சி. இருந்தாலும் மேடையில் விளக்குச் சூடு, வரிசையில் வருகிறவர்கள் மூச்சு, மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். முழு பாலியஸ்டர் அந்தச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், விளக்குப் பட்டால் பளபளக்கும். மெல்லிய கம்பளித் துணி காற்று விடும். கம்பளி என்றால் ஊட்டிக்குத்தான் என்று நினைக்காதே. இழை மெலிந்தது வெயில் ஊருக்கென்றே வருகிறது.

உள்வேலையைப் பற்றி உனக்கு நான் முன்பு சொன்னதில்லை என்று நினைக்கிறேன். இப்போது பெரும்பாலும் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில் பசைத் துணியைச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், விலையும் குறைவு. நாலு தடவை டிரை வாஷ் போனால் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாகத் துணி எழும்பும். என் மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கேன்வாஸ். குதிரை முடி கலந்த கேன்வாஸை உள்ளே வைத்து, காலர் மடியும் இடத்தில் விரல் மேல் துணியை வளைத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னத் தையலாக ஆயிரக்கணக்கில் போட வேண்டும். வெளித்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி தொட வேண்டும், வெளியே தெரியக் கூடாது. வளைத்தே தைப்பதால் அந்தக் காலர் தானாகச் சுருண்டு விழும், இஸ்திரி போட்டு மடக்க வேண்டியதில்லை. போடப் போட உடம்புச் சூட்டில் நெஞ்சின் வடிவத்துக்கே வந்து உட்காரும். இந்த வேலை கேட்டு வருகிறவர்கள் இப்போது வருஷத்துக்கு நாலைந்து பேர்தான். மருமகனுக்கு இதைத்தான் செய்யப் போகிறேன்.

வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோள் மட்டும் இன்னொருவன் தோளாகவே இருக்கும், அதைத் திருத்த வழியே இல்லை. பத்தாம் வகுப்பில் மருமகனுக்கு யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்தபோதே அவன் வலது தோள் கால் அங்குலம் இறங்கியிருந்தது. அந்தக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது, போன வாரம் எடுத்துப் பார்த்தேன். லேப்டாப் பையை அதே தோளில் மாட்டுகிறான் என்றால் இப்போது அரை அங்குலம் ஆகியிருக்கும். அந்தப் பக்கம் ஒரு மடிப்புப் பஞ்சு கூட வைத்தால் இரண்டு தோளும் சமமாகிவிடும். இதெல்லாம் தொங்கவிட்டிருக்கிற கோட்டுக்குத் தெரியுமா?

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள். முகூர்த்தப் பட்டை ஆடியில் எடுக்க அம்மா சம்மதிக்க மாட்டார்கள், அதனால் ஆனிக்குள் எடுத்துவிடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் எங்களுக்கும் கை ஓய்வாக இருக்கும், நிதானமாக உட்கார்ந்து தைப்பேன். ஆனியில் அளவு, ஆடி நடுவில் முதல் டிரையல், கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் கடைசி டிரையல். கல்யாணம் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்து இளைத்துப்போகிறார்கள், அதனால்தான் கடைசியை அப்படித் தள்ளி வைக்கிறேன். ஓரத்தில் ஒரு அங்குலம் துணி விட்டே தைப்பேன், பிற்பாடு பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. கூலி எவ்வளவு என்று கேட்டிருந்தாய், அதைப் படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. தங்கச்சி என்று நான் வாய்க்குச் சும்மா கூப்பிடவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. உங்கள் கல்யாணத்தன்று என் கையால் அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்த நாளிலிருந்து அவள் என் தங்கச்சிதான். அவளுடைய அண்ணன்மார் இருக்கிறார்கள். முகூர்த்த மேடையில் தாய்மாமன் சீர் அவர்கள் உரிமை, அதில் நான் குறுக்கே வர மாட்டேன். சாயந்திரம் போடுகிற கோட் என் சீர். துணி முதல் பட்டன் வரைக்கும் என்னுடையது. இதில் நீ மறுபேச்சுப் பேசக் கூடாது, தங்கச்சியும்தான்.

ஆனி இரண்டாம் ஞாயிறு மருமகனை அனுப்பிவை. பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இங்கே வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வரலாம். உன் அக்கா அவனுக்குப் பணியாரம் சுட்டுத் தருவதாகச் சொல்கிறாள். அன்றைக்குப் போடப்போகிற ஷூவை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டே வரச் சொல். பேன்ட் உயரத்தை ஷூ மேல் வைத்துத்தான் குறிக்க முடியும், செருப்போடு வந்தால் திரும்ப ஒரு நடை ஆகிவிடும்.

அன்புடன்,
உன் மச்சான்