உள் டயரைப் பார்த்தாயா?

நாமக்கல்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. பத்து சக்கர டாரஸ் லாரி வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊசியில் அவரே நூல் கோக்கிறார்.

சரி, வண்டிக்கு வருகிறேன். டிரைவர் தினமும் டயரை லிவர் கம்பியால் தட்டிப் பார்த்துவிடுகிறார், டயரைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அதுதான் கவலை. தட்டினால் முழுக்க இறங்கிய டயர் தெரியும், அவ்வளவுதான். காற்றழுத்தம் 110 பவுண்டு இருக்க வேண்டியதில் 85 இருந்தால் எந்தக் காதுக்கும் பிடிபடாது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக் குறைந்து ஓடிய டயரைப் பஞ்சரோடு ஓடிய டயராகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி காற்றடிக்கக் கூடாது. உள்ளே இரும்புக் கம்பி வைத்துச் செய்த ரேடியல் டயராக இருந்தால் பக்கச் சுவரின் கம்பிகள் மடங்கி மடங்கி நைந்திருக்கும். காற்றடிக்கும்போதே கிழித்துக்கொண்டு வெடிக்கும். எதிரே நிற்பவர் பிழைப்பது கஷ்டம். பஞ்சர் கடைப் பையன்கள் டயர் மேலேயே குனிந்து காற்றடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உன் வண்டியில் பின்னால் உள்ளொன்று வெளியொன்றாக நாலு ஜோடி டயர். எல்லோரும் கோட்டை விடுவது உள் டயரில்தான். கை எட்டாது, வால்வு மூடியில் சேறு, அதனால் யாரும் தொடுவதில்லை. உள்ளே காற்றுக் குறைந்தால் அந்தப் பாரமும் வெளி டயர் தலையில் ஏறும். காற்றுக் குறைந்த டயர் சும்மாவும் இருக்காது. உயரம் குறைந்துபோனதால் ஜோடியோடு சரியாக உருளாமல் தேய்ந்து, சூடேறி, கடைசியில் இரண்டும் போகும். சித்திரை வெயிலில் லோடோடு நாக்பூர் ரோட்டில் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளக்கச் சொல். ஓடி வந்த டயரில் பத்துப் பதினைந்து பவுண்டு கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை. எவ்வளவு வைப்பது என்பதை டயர் கம்பெனியின் லோடு அட்டவணையில் பார். பக்கத்து வண்டிக்காரரைக் கேட்காதே. ஸ்டெப்னியையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவரச் சொல். ஒரே டயர் வாரா வாரம் குறைந்தால் வால்வையும், டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். மூடி இல்லாத வால்வுக்கு இன்றைக்கே உலோக மூடி வாங்கிப் போடு.

நீளக் கழுத்தும் முன்னும் பின்னுமாக இரண்டு வாயும் உள்ள, காற்றை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உள் டயருக்கும் சுலபமாக எட்டும். வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு லோடு ஏற்றும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் பத்து டயரிலும் என்ன இருந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்